அணைய மறுக்கும் மின்னுலை: திருகோணமலைத் துறைமுகப் பட்டறை ஒன்றை முன்னிறுத்திய சில குறிப்புகள்

குறுந்தொகையின் 172ஆம் செய்யுள் நெய்தற்றிணைக்குரியது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். ஏழு ஊர்களின் பொதுத் தொழிலுக்கென ஓர் ஊரிலே அமைக்கப்பெற்ற கொல்லனுலையின் துருத்தி, அச்செய்யுளில், எல்லை காணாது வருந்தும் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாகின்றது. உவமையின் நயம் பற்றி உரைகாரர் போதிய அளவு பேசியுள்ளனர். நமக்கு ஈண்டு வேண்டுவது அவ்வுவமைக்கு அடித்தளமாயமைந்த உற்பத்தி நிலையாகும். அத்துருத்தி காலால் மிதிக்கப்படுவது. மிதிக்கும் கால் ஓய்ந்தால் காற்று ஓயும்; காற்று ஓய்ந்தால் தீ தணியும். செய்யுளில் வருந்துவது துருத்தியே எனினும், உண்மையில் வருந்தியது ஏழு ஊருக்குமாக அதனை மிதித்தவனின் கால் எனக் கொள்வது தவறாகாது.

கொல்லனுலையில் வெப்பத்தை உண்டாக்குவதற்கு உழைப்பு வேண்டும். வெப்பத்தை நிறுத்துவதற்கு எதுவும் வேண்டியதில்லை. மின்னுலையில் இந்நிலை தலைகீழாகின்றது. ஒருமுறை மின் செலுத்தப்பட்டபின் வெப்பமேறுதல் மனிதனை வேண்டாது தானே நடைபெறும். நிறுத்துதலே தனியொரு வேலையாகின்றது. அவ்வேலையைச் செய்யவென ஓர் உறுப்பு வேண்டும். உறுப்பு என்றால் அது பழுதடையவும் கூடும். மின்னுலை ‘அணைய மறுக்கும்’ நிகழ்ச்சி யாவற்றுக்கும் மூலம் இதுவே. (மனிதக் கால் இன்றியே எரிந்த உலைகள் பண்டும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே இரும்பு உருக்கிய மேற்குமுக உலைகள் பற்றிய ஜிலியன் ஜூலெவின் ஆய்வு 1996இல் வெளிவந்தது. ஆயினும் காற்று விழுந்தால் அவ்வுலையும் விழும்.)

மூலதனம் முதற்பாகத்தில் இயந்திரம் பற்றிய அதிகாரத்திலே, வளர்ச்சியடைந்த இயந்திரத்தொகுதியை இயக்கும் பகுதி, செலுத்தும் பகுதி, தொழிலாற்றும் பகுதி என மார்க்ஸ் மூன்றாகப் பகுத்தமை பலரும் அறிந்ததே. அதே அதிகாரத்தில், இழை அறுந்ததும் இழுவைப் பொறியைத் தானே நிறுத்தும் அமைப்பையும், நாடாவில் ஊடைநூல் தீர்ந்ததும் விசைத்தறியைத் தானே நிறுத்தும் அமைப்பையும் தமது காலத்துப் புதுமைகளாக அவர் குறிப்பிடுகின்றார். இவ்விடத்தை நமது ஆய்வாளர் அதிகம் எடுத்தாள்வதில்லை, நாமும் எடுத்தாண்டதில்லை. இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதிலேயே நம் கவனம் சென்றது; எவ்வாறு நிற்கின்றது என்பதில் செல்லவில்லை. திருகோணமலையிற் கண்ட ஒரு நிகழ்ச்சியே நம்மை அவ்விடத்துக்கு மீளக் கொண்டுவந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் பெரியனவற்றைப் பற்றியே எழுதுவர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கியதும் எண்ணெய்த்தாங்கி ஒன்று பல நாள் எரிந்ததும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியதும், சீனன்குடாவில் மாவாலையும் கொட்பேயில் சீமெந்தாலையும் எழுந்ததும் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுள்ளன. 99 எண்ணெய்த்தாங்கிகளுள் 14 ஒருவருக்கு, 24 இன்னொருவருக்கு, 61 இருவருக்கும் பொதுவான கம்பனிக்கு எனப் பங்கிட்ட 2022 ஜனவரி உடன்படிக்கையையும் நாளேடுகள் கணக்கோடு விளக்கின. இவற்றின் நிழலிலே படகு இயந்திரத்தின் சுழல்தண்டு, அதன் ஆப்பு, உளி, அரிசி ஆலை உறுப்பு முதலியவற்றைக் கடைந்தும் வன்மையேற்றியும் கொடுக்கும் சிறு பட்டறைகள் உண்டு. அவற்றுள் ஒன்றிலேயே நாம் குறிப்பிடும் மின்னுலை இருந்தது. பட்டறையின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

நாம் அங்கு சென்றது தொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுப்பதற்காக. சென்ற வேளையில் அங்கு நிகழ்ந்துகொண்டிருந்ததோ ஒரு விசாரணை. முதல்நாள் மாலை உலையைப் பார்த்துக்கொண்ட இளைஞர் அதனை ‘நிறுத்த மறந்து’ சென்றுவிட்டார் என்பது முதலாளியின் குற்றச்சாட்டு. காலையில் முதலில் வந்தவர் உலைக்கதவின் விளிம்பில் செம்மஞ்சள் ஒளி கசிவதைக் கண்டு பிரதான ஆளியை இழுத்துவிட்டார். உள்ளே 820 பாகை செல்சியஸில் வன்மையேற்றவென வைத்திருந்த உருக்குத் துண்டுகள் கரும்பொருக்கு உரிந்து பயனற்றுப் போயிருந்தன. சுருள்களுள் ஒன்று தொய்ந்து அறுந்திருந்தது. தீக்கற்கள் சில வெடித்திருந்தன. நட்டத்தின் ஒரு பகுதி இளைஞரின் சம்பளத்தில் கழிக்கப்படும் என்றும் கூறப்பட்டது. “நான் நிப்பாட்டிப்போட்டுத்தான் போனனான், சேர்” என்று அவர் நம்மிடம் சொன்னார். முதலாளியிடம் அவர் அதனை முன்னரே சொல்லியிருந்தார், அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

பழுதாய்வு என்பது இவ்விடத்தில் வெறும் தொழினுட்பக் காரியமாக நின்றுவிடவில்லை. யார் பொய் சொல்கின்றார் என்பதைத் தீர்க்கும் சான்றாராய்ச்சியாகவும் அது அமைந்தது. அதனைச் செய்தவர் மின்வேலை தெரிந்த மூத்த பாஸ் ஒருவர். (கைவினையில் தேர்ந்தவரை இலங்கையில் ‘பாஸ்’ என்கின்றோம். இது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்தம் மொழியில் தலைவன், எசமான் எனப் பொருள்படும். எசமானைக் குறித்த சொல் இங்கே உழைப்பவனுக்கு வந்து சேர்ந்திருப்பது சொல்வரலாற்றில் அரிதாகக் கிடைக்கும் நீதிகளுள் ஒன்று.) அவர் செய்தவற்றை, அவர் செய்த ஒழுங்கிலன்றி, வாசகருக்கு விளங்கும் ஒழுங்கில் தருகின்றோம்.

முதலிற் கேட்கவேண்டிய வினா, உலை அணையவில்லையா, அன்றி ஆறவில்லையா என்பது. இரண்டும் ஒன்றல்ல. தீக்கற்கள் பெருமளவு வெப்பத்தைச் சேமித்து வைப்பவை. மின் நின்றபின்னும் உலை பல மணித்தியாலம் செந்நிறமாகவே இருக்கும். சுருள் அறையைவிடச் சூடானதாகையால், மின் நின்ற முதற்சில நிமிடங்களில் மானியின் அளவு சற்று ஏறவும் கூடும். இதனைக் கண்டு பழுதெனப் பதறுவோர் உளர். ஏறிய அளவு பின்னர் மெல்ல இறங்கத் தொடங்குமாயின் பழுதில்லை. ஏறிக்கொண்டே செல்லுமாயின் மின் ஓடுகின்றது. ஐயம் தீர எளிய வழி மின்மானியைப் பார்ப்பது. ஏனைய இயந்திரங்களையும் விளக்குகளையும் நிறுத்திவிட்டு, உலையின் கட்டுப்பாட்டு ஆளியையும் நிறுத்தியபின், பழைய மானியாயின் தட்டு சுழல்கின்றதா, புதிய மானியாயின் சிறுவிளக்கு விரைந்து மின்னுகின்றதா எனப் பார்த்தல் போதும். கவ்வுமானி இருப்பின் இன்னும் நன்று. உலையின் முகப்பிலுள்ள சுட்டிவிளக்கை நம்பலாகாது. அவ்விளக்கு பெரும்பாலும் கட்டளை சென்றதா என்பதையே காட்டும். கட்டளை நிறைவேறியதா என்பதைக் காட்டாது. அலுவலகங்களில் பழகியோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

மின் ஓடுவது உறுதியானால், செய்யவேண்டிய முதற்காரியம் ஆராய்ச்சியன்று. பிரதான ஆளியை இழுத்தலே. அதன்பின், வேறெவரும் அதனை மீளச் செலுத்தாவண்ணம் பூட்டி, கம்பிகளில் மின்னில்லை என்பதைச் சோதித்த பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். மின்வேலை கற்றவரன்றி ஏனையோர் இதற்குள் கைவைத்தல் ஆகாது.

ஓர் உலையை நிறுத்தும் ஒழுங்கிலே மூன்று கண்ணிகள் உள. வெப்பத்தை உணர்வது ஒன்று. உணர்ந்ததனை நாம் குறித்துவைத்த அளவோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது மற்றொன்று. அம்முடிவின்படி மின்னைத் துண்டிப்பது மூன்றாவது. பட்டறை மொழியில் சொல்வதாயின் கண், மூளை, கை. அணையாத உலையில் இம்மூன்றுள் ஒன்று தன் கடமையைச் செய்யவில்லை. எது என்பதை அறிய ஊகம் தேவையில்லை. சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்த்தால் போதும். மூளையிலிருந்து கைக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றிவிடுக. உலை நின்றால் கை நல்லது, பழுது கண்ணிலோ மூளையிலோ உளது. கழற்றியும் உலை ஓடினால் பழுது கையிலேயே.

அப்பட்டறையில் பழுதுற்றது கையே. கை என நாம் குறித்தது கொன்ராக்ரர் எனப்படும் பெரிய மின்காந்த ஆளி. சிறியதொரு மின்னோட்டம் அதன் காந்தச் சுருளில் ஓடும்போது இரும்புத்துண்டு ஒன்று இழுக்கப்பட்டு, மூன்று கட்டங்களுக்குமுரிய மூன்று சோடித் தொடுகைகளை ஒருங்கே மூடும். சிறு மின்னோட்டம் நின்றதும் வில் அவற்றைப் பிரிக்கும். அவ்வுலை 9 கிலோவாற் அளவினது: 3 கிலோவாற் கொண்ட மூன்று சுருள்கள், ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்கும் நொதுமலுக்கும் இடையில், 230 வோல்றில் 13 அம்பியர் வரை இழுப்பவை. பாஸ் காந்தச் சுருளின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மின்னற்ற நிலையில், ஒவ்வொரு சோடித் தொடுகைக்கும் குறுக்கே தடையை அளந்தார். ஒன்று திறந்திருந்தது. மற்றை இரண்டிலும் தடை ஏறத்தாழப் பூச்சியம். கட்டளை இல்லாதபோதும் அவை மூடியே இருந்தன. பிரித்துப் பார்த்தபோது வெள்ளிக் கலவைத் தொடுகைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டுப்பாட்டு ஆளியோ ‘நிறுத்தம்’ என்ற இடத்திலேயே நின்றது. இளைஞர் சொன்னது உண்மையென அங்கு கூடியிருந்தோர் உணர்ந்த கணம் அதுவே.

மூன்றில் இரண்டே ஒட்டியிருக்க உலை எவ்வாறு அத்துணை வெப்பமடைந்தது என முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. வெப்பமேற்ற 9 கிலோவாற் வேண்டும். ஏறிய வெப்பத்தைத் தக்கவைக்க அவ்வளவு வேண்டியதில்லை. அவ்வுலை 820 பாகையில் நிற்கும்போது நிமிடத்தில் 20 வினாடியளவே மின் ஓடும் என இளைஞர் கூறினார். அதாவது சராசரி 3 கிலோவாற். ஒட்டிய இரு தொடுகைகள் வழியே இடையறாது ஓடியது 6 கிலோவாற். இழப்பைவிட இருமடங்கு வரவு. உலை 1000 பாகையைக் கடந்து, சுருள்களுள் ஒன்று அறும்வரை ஏறிச்சென்றதில் வியப்பில்லை. (சுருள்கள் நொதுமலோடு இணையாது நட்சத்திர முறையில் இருந்திருந்தால், ஒரு தொடுகை மாத்திரம் ஒட்டினால் மின் ஓடாது, இரண்டு ஒட்டினால் பாதிவலு ஓடும். இணைப்பு முறையறியாது பழுதைக் கணக்கிடலாகாது.)

தொடுகைகள் ஏன் ஒட்டின என்பதற்கு விடை காண நாட்டின் நிலைமைக்குள் செல்லவேண்டியுள்ளது. நிமிடத்துக்கொரு முறை திறந்து மூடும் கொன்ராக்ரர், எட்டு மணித்தியால வேலைநாளில் 480 முறையும் 300 நாளில் 1,44,000 முறையும் இயங்கும். ஒவ்வொரு முறையும் தொடுகைகள் மோதித் துள்ளும். துள்ளலில் சிறு மின்வில் எழும். வில்லில் உலோகம் சிறிது உருகும். இது வழமையான தேய்வு. வழமைக்கு மாறானது வழங்கல் அழுத்தத்தின் தளம்பல். அழுத்தம் மிகக் குறைந்தால் காந்தத்தின் பிடி தளரும், வில் தள்ளும், மீண்டும் இழுபடும். கொன்ராக்ரர் தட்டச்சுப்பொறிபோல் படபடக்கும். அப்படபடப்பில் உருகிய உலோகம் தொடுகைகள் சந்தித்திருக்கும் நேரத்தில் இறுகினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கடற்கரைக் காற்றின் உப்பும் இதிலே பங்குபெறுகின்றது. வாடைக்காலத்து ஈரத்தில் காந்த முகங்கள் துருவேறி, இரும்புத்துண்டு உரசி அசையும். கச்சான் வீசும் மாதங்களிலோ தூசு சேரும். உலையை வாடைக்கு முகங்கொடுத்த சுவரோரம் வைத்திருந்தமை இடநெருக்கடியின் விளைவு.

நாம் கூறும் நிகழ்ச்சி 2022இன் மின்வெட்டுக் காலத்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை மின் நிறுத்தப்பட்டமை நினைவிருக்கும். அன்று மாலை மின் சில தடவை துடித்து நின்றது. அத்துடிப்பிலேயே தொடுகைகள் ஒட்டியிருத்தல் வேண்டும். இளைஞர் கட்டுப்பாட்டு ஆளியை நிறுத்தத்துக்குத் திருப்பிவிட்டுச் சென்றார். இங்குதான் மின்வெட்டின் சூழ்ச்சி உள்ளது. நாட்டிலேயே மின் இல்லாதபோது, ஒட்டிய கொன்ராக்ரரும் நல்ல கொன்ராக்ரரும் ஒன்றுபோலவே காணப்படும். விளக்கில்லை, ஒலியில்லை, மானியின் தட்டு அசையவில்லை. நிறுத்தியது நின்றதா எனச் சோதிக்க அவருக்கு வழியே இருக்கவில்லை. இரவு மின் வந்தபோது எவருடைய கட்டளையுமின்றி உலை எழுந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டினால் மூதூர்ப் பக்கம் திரும்ப முடியாத தொழிலாளர் இருவர் அந்நாள்களில் இடையிடையே பட்டறைக்குள்ளேயே படுத்ததுண்டு. அன்றிரவு படுக்கவில்லை.

மின்வெட்டின்போது பிரதான ஆளியையும் இழுத்துவைத்தல் ஒன்றே இதற்கு உடனடிப் பரிகாரம். தொடுகை ஒட்டாத நல்ல உலையிலுங்கூட, மின் மீண்டதும் தானே ஓடத்தொடங்குவது தடுக்கப்படவேண்டியது. தொடக்குப் பொத்தானை அழுத்தினாலன்றி மீளாத பிடிச்சுற்று அதற்குப் போதும்.  மின்வெட்டை நெருக்கடியாண்டோடு முடிந்த கதையெனக் கருதுவோர், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுதும் மின்னிழந்தமையை நினைவுகூர்தல் நலம்.

கண்ணின் பழுதுகளையும் கூறவேண்டும். ஏனெனில் அவையே ஆளைப் பெரிதும் ஏமாற்றுபவை. உலையின் கண் வெப்பவிணை. வேறுபட்ட இரு உலோகக் கம்பிகளின் சந்தி சூடாகும்போது மிகச்சிறிய மின்னழுத்தம் பிறக்கும் என்னும் விளைவைச் சீபெக் 1821இல் கண்டறிந்தார். பட்டறைகளில் அதிகம் வழங்கும் குரோமல், அலுமல் சோடி பாகைக்கு 41 மைக்குரோவோல்ற் அளவில் தருவது. 820 பாகையில் 34 மில்லிவோல்ற். இத்துணைச் சிறிய சைகையை நம்பியே 9 கிலோவாற் அடக்கப்படுகின்றது. விணை துவாரத்திலிருந்து வெளியே நழுவினால் அது பட்டறையின் வெப்பத்தையே உணரும். மூளையோ உலை இன்னும் குளிர்ந்துளது எனக் கருதி மின்னை விடாது செலுத்தும். இரு கம்பிகளும் வெளியே எங்காவது உரசிக்கொண்டால் உரசிய இடத்தின் வெப்பமே பதிவாகும். நேர், மறை மாறிப் பூட்டப்பட்டால் உலை சூடேறச் சூடேற மானியின் அளவு இறங்கும். கம்பி அறுந்தால், பழைய முள்மானியின் முள் பூச்சியத்துக்குச் செல்லும். அதுவும் குளிர் என்றே வாசிக்கப்படும். அறுந்த விணையை மிகுவெப்பமெனக் கொண்டு மின்னைத் துண்டிக்கும் கட்டுப்படுத்திகள் பின்னர் வந்தன. அவற்றிலும் அவ்வமைவு எத்திசையில் வைக்கப்பட்டுள்ளது எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். சோதனை எளிது: மானி தற்போது காட்டும் அளவையும் கதவிடுக்கில் தெரியும் நிறத்தையும் ஒப்பிடுக. மங்கிய செம்மை 600 பாகைக்கும், பழச்சிவப்பு 800க்கும், செம்மஞ்சள் 1000க்கும் அண்மையது. மானி 200 என்று கூற உலை சிவந்திருக்குமாயின் பொய் சொல்வது மானியே. கொல்லரின் கண்ணை இயந்திரம் முற்றாகப் பதவிநீக்கம் செய்துவிடவில்லை.

கொன்ராக்ரருக்குப் பதிலாகக் குறைகடத்தி ரிலே பொருத்திய உலைகள் இப்போது பரவியுள்ளன. அவற்றில் தேயும் தொடுகையில்லை, படபடப்புமில்லை. ஆயினும் அவை பழுதுறும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதுறும். அதாவது மின்னை விடாது செலுத்தும் நிலையில். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடின்றி அவற்றைப் பொருத்துவது பழுதை அழைப்பதாகும்.

இணைப்புத் தவறு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒற்றைக்கட்ட உலையில் ஆளியை உயிர்க்கம்பியில் வைக்காது நொதுமற் கம்பியில் வைத்துவிட்டால், ஆளி திறந்திருக்கும்போதும் சுருள் முழுவதும் உயிரோடிருக்கும். சுருள் தொய்ந்து புவித்தொடுப்புள்ள உலையுடலைத் தொட்டால் மின் புவிவழியே ஓடும். ஆளியைத் திருப்பிப் பயனில்லை. ‘ட்ரிப் சுவிச்’ இதனைப் பிடிக்கும். ஆனால் நன்கு சூடான தீக்கல் தானும் சிறிது மின்கடத்துமாகையால் அச்சுவிச் அடிக்கடி விழும். விழுகின்றது என்பதற்காகவே அதனைக் கழற்றிவிடுவோரும் உளர்.

கழற்றிவிடுதல் என்பதற்கு வருவோம். அப்பட்டறையின் உலையில் இன்னொரு காவல் இருந்திருக்கின்றது. முதலாவது சங்கிலி முற்றாகத் தவறினாலும், தனக்கெனத் தனிக் கண்ணும் தனிக் கையும் கொண்டு, குறித்த எல்லையில் மின்னைத் துண்டித்து, மனிதர் வந்து மீட்டாலன்றி மீளாத மேல்வெப்பக் காப்பு அது. பெட்டிக்குள் அதன் இரு முனைகளும் ஒரு விரல்நீளக் கம்பித்துண்டினால் இணைக்கப்பட்டிருந்தன. காப்பு பழுதடைந்து காரணமின்றி உலையை நிறுத்தியதாகவும், மாற்றுறுப்பு கிடைக்காமையால், கையிலிருந்த வேலை முடியும்வரை என இணைத்ததாகவும் கூறினர். வேலை முடிந்தது, கம்பித்துண்டு இருந்துவிட்டது. நாடு 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்திய காலமாகையால், உறுப்புத் தட்டுப்பாடு பொய்யன்று. எனினும் தட்டுப்பாட்டைத் தாங்கும் பொறுப்பு முதலில் எங்கே சென்றது என்பது நோக்கத்தக்கது. உருக்குத் துண்டுகளின் விநியோகம் தாமதிக்கவில்லை; காவலே குறைக்கப்பட்டது.

இது திருகோணமலைக்கே உரிய குறையன்று. இயந்திரத் தண்டுகளுக்கு வேலியிடுக என்ற சட்டத்தை எதிர்ப்பதற்கென்றே 1855இல் மான்செஸ்டர் ஆலையதிபர்கள் சங்கமொன்று அமைத்தனர். மூலதனம் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் அதனை எடுத்துக்காட்டுகின்றார். டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அச்சங்கத்தைக் கடுமையாக எள்ளி நகையாடியது. இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இன் 45ஆம் இலக்கமாக வந்தது. திருகோணமலையில் குண்டு விழுந்த அதே ஆண்டு. நாம் கண்ட பட்டறையில் அதன்பெயர் தெரிந்தவர் எவருமிலர்.

தெரியாமைக்கு மொழியும் ஒரு காரணம். உலையோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தது. பாடநூல்களில் நாம் ‘ஆளி’ என்று எழுதுகின்றோம். பழைய இலக்கியத்தில் ஆளி யானையையும் வீழ்த்தவல்ல விலங்கு. இலங்கைப் பாடநூலிலோ மின்னை ஆள்வது. ஆள் என்னும் அடியிலிருந்து பிறந்த அழகிய ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டறையில் அது சுவிச். நொதுமல் அங்கு ‘நியூற்றல்’. வெப்பவிணைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘குச்சி’. குச்சி நழுவிவிட்டது என்றால் அனைவருக்கும் விளங்கும். வெப்பவிணை இடம்பெயர்ந்தது என்றால் நமக்கு மாத்திரமே விளங்கும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இவ்வேறுபாட்டைத் தரக்குறைவெனக் கருதியமையால், கருவியைக் கையாள்பவனுக்கும் கருவியைப் பற்றிய எழுத்துக்குமிடையே இன்னொரு தொடுகை திறந்தே கிடக்கின்றது.

சம்பளத்திற் கழித்தது இரு தவணைகளில் மீளக் கொடுக்கப்பட்டது. ஒட்டிய கொன்ராக்ரரை இளைஞர் தமது கருவிப்பெட்டியில் வைத்துக்கொண்டார். தொடுகைகளை அராவி மீளப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைப் பாஸ் ஏற்கவில்லை. கம்பித்துண்டு அன்றே அகற்றப்பட்டது. புதிய மேல்வெப்பக் காப்பு வந்துசேர ஐந்து மாதங்கள் சென்றன. அதுவரை, தனியே விட்டு உலையை இயக்குவதில்லை என்றும், போகும்போது மெயின் சுவிச்சை இழுப்பது என்றும் தம்முள் முடிவு செய்து, பெட்டிக்கதவின் உட்புறத்தில் ஒட்டுவதற்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் எழுதினர். தமிழ்ப் பகுதியைப் பார்த்துத் தரும்படி நம்மிடம் கேட்டனர். நாம் ‘ஆளி’ என எழுதிய இரண்டு இடங்களையும் பாஸ் அடித்து ‘சுவிச்’ என்று மாற்றினார். ‘மீட்டர்’ என்றிருந்ததை ‘மீற்றர்’ எனத் திருத்தியது மாத்திரம் நிலைத்தது.